அனிமே டிஸ்க் ஏன் யானை விலை குதிரை விலை? உரிமம், டிவிடி, ப்ளூ-ரே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்க் விலையைப் பார்த்து அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகர்களுக்கு வரும் கோபத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதி ஆள் மாறிப் பாய்கிறது. எந்தக் கோபம் யார்மீது போக வேண்டும், பணத்தைக் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதியது இது.

12 எபிசோட் தொடருக்கு ஜப்பானில் 40,000 யென்னுக்கு மேல் கேட்கிறார்களே, ஏன்?

ஜப்பானில் நள்ளிரவு நேரத்தில் வரும் அனிமே பெரும்பாலும் டிவி நிலையம் காசு கொடுத்து வாங்கியது அல்ல. தொடரை எடுத்தவர்கள்தான் நிலையத்துக்குப் பணம் கட்டி அந்த அரை மணி நேரத்தைப் பிடிக்கிறார்கள். எடுத்தவர்கள் என்றால் ஸ்டூடியோ மட்டும் இல்லை. டிஸ்க் நிறுவனம், இசை நிறுவனம், மூல மாங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) வெளியிட்ட பதிப்பகம், விளம்பர ஏஜென்சி, பொம்மை நிறுவனம் எல்லோரும் பங்கு போட்டு ஒரு தயாரிப்புக் குழு அமைப்பார்கள். டிவியில் காட்டுவது விளம்பரம், போட்ட பணத்தை எடுப்பது டிஸ்க்கில். பல ஆண்டுகள் இதுதான் கணக்காக இருந்தது.

அந்த டிஸ்க்கை வாங்குகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆகவே ஒரு டிஸ்க்கில் 2 எபிசோட் போட்டு, 6,000 முதல் 8,000 யென் வரை விலை வைப்பார்கள். 12 எபிசோடுக்கு 6 டிஸ்க். 7,000 வீதம் போட்டால் 42,000 யென். இந்தப் பழக்கத்துக்கு வேர் வீடியோ டேப் காலத்திலேயே இருக்கிறது. 1983-ல் 'டாலோஸ்' தொடங்கிவைத்த நேரடி வீடியோ வெளியீடுகளை அதிகம் வாங்கியவை வாடகைக் கடைகள். கடைக்காரர் ஒரு டேப்பை நூறு முறை வாடகைக்கு விடுவார் என்பதால் 10,000 யென்னை ஒட்டி விலை வைக்க முடிந்தது. வாடகைக் கடைகள் குறைந்த பிறகும் விலை பெரிதாக இறங்கவில்லை.

முதல் பதிப்பு டிஸ்க்கோடு சிறு புத்தகம், நாடக ஒலித்தட்டு, குரல் கலைஞர்கள் மேடையேறும் நிகழ்ச்சிக்கான முன்பதிவுக் குலுக்கல் சீட்டு எல்லாம் வரும். ஜப்பானிய ரசிகர் பல நேரம் அந்தச் சீட்டுக்காகவே முதல் டிஸ்க்கை வாங்குகிறார். அட்டையில் அச்சிட்ட விலையைப் பார்த்து மலைத்துப் போக வேண்டாம். அச்சிட்ட விலைக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று கடையைக் கட்டுப்படுத்தும் சட்டப் பாதுகாப்பு ஜப்பானில் புத்தகம், பத்திரிகை, இசைத்தட்டு ஆகியவற்றுக்குத்தான் உண்டு, வீடியோ டிஸ்க்குக்குக் கிடையாது. ஆன்லைன் கடைகள் தள்ளுபடி தரும்.

ஜப்பான் விலை ஜப்பானோடு போகட்டும். அமெரிக்காவிலும் ஏன் அந்த விலை?

எல்லா அமெரிக்க வெளியீடும் அப்படி இல்லை. அமெரிக்காவில் 2000-களின் தொடக்கத்தில் 3 முதல் 5 எபிசோட் கொண்ட டிவிடி 30 டாலர். பத்தாண்டு முடிவதற்குள் அரை சீசன், முழு சீசன் பெட்டிகள் வந்து விலை நன்றாக இறங்கிவிட்டது. இன்றும் சாதாரணப் பதிப்பில் ஒரு சீசனை 40 முதல் 70 டாலருக்குள் வாங்க முடிகிறது.

சிக்கல் ப்ளூ-ரே வந்தபோது தொடங்கியது. எந்த நாட்டு பிளேயரில் ஓடலாம் என்று டிஸ்க்கில் போடும் பூட்டுக்கு மண்டலம் என்று பெயர். டிவிடியில் அமெரிக்கா மண்டலம் 1, ஜப்பான் மண்டலம் 2. ஜப்பானியர் ஒருவர் அமெரிக்க டிஸ்க்கை வாங்கினால் அவர் வீட்டு பிளேயரில் ஓடாது. ப்ளூ-ரேயில் இரண்டு நாடுகளும் ஒரே மண்டலம், ஏ. 42,000 யென் தொடர் அமெரிக்காவில் 50 டாலருக்குக் கிடைத்தால், அதே படம், அதே ஜப்பானிய ஒலி, ஜப்பானிய ரசிகர் அங்கிருந்தே வரவழைத்துவிடுவார். தயாரிப்புக் குழுவின் முக்கிய வருமானத்தில் ஓட்டை விழும். மறு இறக்குமதி என்று தொழிலில் இதைச் சொல்கிறார்கள். உங்களை எரிச்சலூட்டும் பல ஏற்பாடுகளுக்கு மூலகாரணம் இந்த ஒரே பயம்தான்.

பயத்துக்கு மூன்று வகை மருந்து பார்த்தார்கள். முதலாவது, அமெரிக்க விலையையே ஜப்பான் விலைக்கு ஏற்றுவது. பண்டாய் விஷுவல் யுஎஸ்ஏ 2005-ல் தொடங்கி அதைச் செய்து பார்த்தது. ரசிகர்கள் வாங்கவில்லை, 2008-ல் அது பண்டாய் என்டர்டெயின்மென்ட்டோடு இணைக்கப்பட்டது. அனிப்ளெக்ஸ் ஆஃப் அமெரிக்கா 2011-ல் 'காரா நோ க்யோகாய்' படங்களின் ப்ளூ-ரே பெட்டியை ஜப்பானிலிருந்து அப்படியே இறக்கி, ஏறக்குறைய 400 டாலர் விலை போட்டது. அனிப்ளெக்ஸ் நிலைத்ததற்குக் காரணம், குறைந்த எண்ணிக்கையில் அச்சடித்து, எந்த விலைக்கும் வாங்கும் ரசிகர்களை மட்டும் குறிவைத்தது. மற்ற இரண்டு மருந்துகளும் அடுத்த கேள்வியில்.

சில ப்ளூ-ரேயில் ஜப்பானிய ஒலியே இல்லை, சிலதில் சப்டைட்டிலை நிறுத்த முடியவில்லை. டிஸ்க் பழுதா?

பழுது இல்லை, வேண்டுமென்றே செய்வது. சென்டாய் ஃபிலிம்வொர்க்ஸ் வெளியிட்ட 'பெர்சோனா 4' அனிமேயின் அமெரிக்க ப்ளூ-ரேயில் ஆங்கில டப் மட்டும்தான். ஜப்பானிய ஒலி வேண்டுமானால் டிவிடி வாங்க வேண்டும். மண்டலத் தடை டிவிடியில் இருப்பதால் அங்கே பயம் இல்லை! கூடுதல் விலை கொடுத்து நல்ல படத்தைத் தேர்ந்தவருக்கு மூல ஒலியை மறுப்பது, எங்கள் பார்வையில், அதிக விலையைவிட மோசமான காரியம்.

சப்டைட்டில் பூட்டு கொஞ்சம் மென்மையான வழி. ஜப்பானிய ஒலியைத் தேர்ந்தால் ஆங்கில எழுத்து தானாக வரும், ரிமோட்டில் நிறுத்த முடியாது. ஜப்பானியருக்கு அது கண்ணை உறுத்தும், நமக்குப் பெரிய இழப்பில்லை. ஜப்பானிய மொழி படிக்கிறவர்களுக்கு மட்டும் தொல்லை. வாங்கும் முன் விமர்சனங்களில் 'பூட்டிய சப்டைட்டில்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பெட்டியின் பின்அட்டையில் இதைப் போடமாட்டார்கள்.

உரிமம் வாங்குவது என்றால் ஒரு நிறுவனம் உண்மையில் எதை வாங்குகிறது?

தொடரை அல்ல. குறிப்பிட்ட நாடுகளில், குறிப்பிட்ட வடிவத்தில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கும் அனுமதியை மட்டும். டிஸ்க், ஸ்ட்ரீமிங், டிவி, திரையரங்கு, பொம்மை, டிஷர்ட் ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. ஸ்ட்ரீமிங் ஒரு நிறுவனத்திடமும் டிஸ்க் இன்னொன்றிடமும் இருப்பது அதனால்தான்.

பணம் இரண்டு அடுக்காகப் போகும். கையெழுத்திடும்போது ஒரு குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை. தொடர் ஒன்றுகூட விற்காவிட்டாலும் அது திரும்பாது. அந்தத் தொகை ராயல்டியில் கழிந்து முடிந்த பிறகு, ஒவ்வொரு விற்பனைக்கும் மேற்கொண்டு பங்கு. இதற்கு மேல் மூலப் பிரதிக்கான கட்டணம், மொழிபெயர்ப்பு, டப், மாஸ்டரிங் (அச்சுக்கான இறுதிப் பிரதி தயாரிப்பு), அட்டை அச்சு. தொழிற்சாலையில் அச்சடிக்கும் ப்ளூ-ரே படங்களுக்கு ஏஏசிஎஸ் என்ற நகல் தடுப்புப் பூட்டு கட்டாயம், அதற்கும் கட்டணம் உண்டு. டிவிடியில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆயிரம் பெட்டி மட்டுமே விற்கும் தொடரில் இந்தச் செலவு முழுவதும் ஆயிரம் தலையில்தான் விழும்.

இன்னொன்று: அட்டைப் படம், டப் நடிகர், சப்டைட்டிலில் பெயர் எழுதும் முறை வரை ஜப்பானியக் குழு ஒப்புதல் தர வேண்டும். வெளியீடு ஆறு மாதம் தள்ளிப்போனால் உள்ளூர் நிறுவனத்தின் சோம்பல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

நல்ல தொடர் திடீரென்று கடையிலிருந்து மறைந்து, பழைய பிரதி மூன்று மடங்கு விலைக்குப் போகிறதே?

உரிமக் காலம் முடிந்திருக்கும். பல ஒப்பந்தங்கள் 5 முதல் 7 ஆண்டு. முடிந்ததும் கையிருப்பைத் தீர்க்கச் சில மாத அவகாசம், பிறகு ஒரு பெட்டிகூட அச்சடிக்கக் கூடாது. அல்லது நிறுவனமே மூடியிருக்கும். 2006 ஜனவரியில் அமெரிக்காவின் மியூசிக்லேண்ட் கடைச் சங்கிலி திவாலானது அனிமே டிவிடித் தொழிலுக்கு விழுந்த பெரிய அடி. 2007 செப்டம்பரில் ஜெனியோன் தன் அமெரிக்க விநியோகத்தை நிறுத்தியது. ஹூஸ்டனில் 1992-ல் தொடங்கிய ஏடிவி ஃபிலிம்ஸ் 2009-ல் சொத்துகளை விற்றுக் கலைந்தது. பண்டாய் என்டர்டெயின்மென்ட் 2012 ஜனவரியில் புதிய வெளியீடுகளைக் கைவிட்டது.

அதன் விளைவுக்கு 'நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்' ஒன்றே போதும். ஏடிவி போன பிறகு, உலகமே பேசும் அந்தத் தொடரை அமெரிக்காவில் பல ஆண்டுகள் முறையாகப் புதிதாக வாங்க வழியில்லை. 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, 2021-ல்தான் ஜிகிட்ஸ் நிறுவனம் ப்ளூ-ரே போட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய டிவிடிப் பெட்டிக்கு ரசிகர்கள் கொடுத்த பணத்தில் ஒரு யென்கூடப் படைத்தவர்களுக்குப் போகவில்லை.

விரும்பும் தொடர் வெளிவந்து 4, 5 ஆண்டு ஆகியிருந்து, கடைகளில் ஒரேயடியாக 60, 70 சதவீதத் தள்ளுபடி தெரிந்தால், அது உரிமம் முடிவதன் அடையாளமாக இருக்கலாம். யோசிக்காமல் வாங்குங்கள்.

பல மாக்ராஸ் தொடர்கள் ஏன் இத்தனை காலம் வெளிநாட்டில் வரவில்லை?

1982-ல் வந்த விண்வெளிப் போர் அனிமேயான முதல் மாக்ராஸின் வெளிநாட்டு உரிமையைத் தட்சுனோகோ ஸ்டூடியோவிடமிருந்து வாங்கிய அமெரிக்க நிறுவனமான ஹார்மனி கோல்ட், அதை வேறு இரண்டு தொடர்களோடு சேர்த்து 1985-ல் 'ரோபோடெக்' ஆக்கியது. பிற்காலத்தில் ஜப்பானிய நீதிமன்றங்கள், பாத்திர, இயந்திர வடிவங்கள் அவற்றை வடிவமைத்த ஸ்டூடியோ நூவுக்கும் விளம்பர நிறுவனமான பிக் வெஸ்டுக்கும் சொந்தம் என்றும், அந்த முதல் தொடரின் படப்பிரதி தட்சுனோகோவுக்குச் சொந்தம் என்றும் பிரித்துத் தீர்ப்புச் சொன்னன. ஒரு தரப்பு கையெழுத்துப் போட்டால் மறுதரப்பு வழக்குப் போடும் நிலை. 'மாக்ராஸ் 7', 'மாக்ராஸ் ஃப்ரண்டியர்' போன்றவை அப்படியே கிடந்தன. 2021 ஏப்ரலில்தான் பிக் வெஸ்டும் ஹார்மனி கோல்டும் சமரசம் அறிவித்தார்கள். ஒரு தலைமுறை ரசிகர்கள் கள்ளப் பிரதியில் மட்டுமே இந்தத் தொடர்களைப் பார்த்து வளர்ந்ததற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, வேறு வழியே இருக்கவில்லை.

தொடக்கப் பாட்டு மாறியிருக்கிறதே?

பாட்டின் உரிமை தயாரிப்புக் குழுவிடம் இல்லாமல் வெளி இசை நிறுவனத்திடம் இருந்தால் தனியாகப் பேச வேண்டும். 'ஈடன் ஆஃப் தி ஈஸ்ட்' தொடரின் தொடக்கத்தில் ஒலித்தது பிரிட்டிஷ் குழுவான ஒயாசிஸின் பாட்டு. அமெரிக்க வெளியீட்டில் அது முதல் எபிசோடில் மட்டும் இருக்கிறது, பிறகு வேறு பாட்டு. நெட்ஃபிளிக்ஸ் இவாஞ்சலியனில் ஒவ்வொரு எபிசோடும் முடியும் 'ஃப்ளை மீ டு தி மூன்' என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் பாட்டு ஜப்பானுக்கு வெளியே நீக்கப்பட்டது. நீக்குவது சில நேரம் தவிர்க்க முடியாதது. சொல்லாமல் நீக்குவதுதான் தப்பு.

விலை நியாயமா என்று எப்படிக் கணக்கிடுவது?

பெட்டி விலையை எபிசோட் எண்ணிக்கையால் வகுங்கள். 'லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்' ப்ளூ-ரே பெட்டிக்குச் சென்டாய் 2018-ல் 800 டாலர் விலை வைத்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. அதில் 110 எபிசோட். ஒன்றுக்கு 7 டாலர் 27 சென்ட். 1990-களில் 2 எபிசோட் கொண்ட டப் டேப் 25 டாலர், சப்டைட்டில் டேப் 30 டாலர். எபிசோடுக்கு 12.50 முதல் 15 டாலர். ஜப்பானில் எபிசோடுக்கு 3,500 யென். 800 டாலரை மொத்தமாக ஒரே நாளில் கேட்டதைக் குறை சொல்லலாம், தொகையைக் கொள்ளை என்று சொல்ல முடியாது.

எங்கள் அளவுகோல் இது: சாதாரணப் பதிப்பில் எபிசோடுக்கு 2 முதல் 4 டாலர் நல்ல விலை, 5-க்கு மேல் போனால் காரணம் கேளுங்கள், 10-ஐத் தாண்டினால் அது பெட்டிக்கும் படப்புத்தகத்துக்குமான விலை. 'லிமிடெட் எடிஷன்' என்று முதலில் வருவதன் டிஸ்க்குகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டில் வெறும் உறையில் பாதி விலைக்கு வரும். அனிப்ளெக்ஸ் வெளியீடுகளில் மட்டும் இதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

மறு துருவத்தில் டிஸ்கோடெக் மீடியா. பழைய தொடர்களை டிவிடித் தெளிவுத்திறனிலேயே ப்ளூ-ரே டிஸ்க்கில் அடைத்து, பல டஜன் எபிசோடை ஒன்றிரண்டு டிஸ்க்கில் தருகிறார்கள். பெட்டி சிறியது, விலை குறைவு, படம் டிவிடியைவிடச் சுத்தம். இப்படி யோசிக்கிறவர்களை ஆதரிக்க வேண்டும்.

ப்ளூ-ரே என்று போட்டிருந்தால் படம் தெளிவாக இருக்கும் என்று நம்பலாமா?

கூடாது. தொடர் எந்த ஆண்டு, எதில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். 1990-கள் வரை செல்லுலாய்டில் வரைந்து 16 அல்லது 35 மில்லிமீட்டர் பிலிமில் படமெடுத்தார்கள். அந்தப் பிலிமைப் புதிதாக ஸ்கேன் செய்தால் அசத்தலான படம் கிடைக்கும். ஏறக்குறைய 2000 முதல் 2006 வரை வந்த தொடர்கள்தான் பொறி. கணினிக்கு மாறிய புதிதில் பலவற்றை டிவிடி அளவிலேயே முடித்துவிட்டார்கள். அதற்கு மேல் விவரம் எங்கும் கிடையாது. 'ரீமாஸ்டர்' என்ற பெயரில் பெரிதாக்கி விற்பார்கள், கோடுகள் தடித்துத் தெரியும். டிவிடி ஏற்கெனவே வைத்திருப்பவர் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

அடுத்தது பிட்ரேட், அதாவது ஒவ்வொரு வினாடிப் படத்துக்கும் ஒதுக்கும் தரவின் அளவு. 24 நிமிட எபிசோடை வினாடிக்கு 30 மெகாபிட்டில் போட்டால் 5.4 ஜிபி. 50 ஜிபி டிஸ்க்கில் 8 எபிசோட், ஆக 12 அல்லது 13 எபிசோடுக்கு 2 டிஸ்க் போதும். ஜப்பானில் 6 டிஸ்க்காகப் பிரிப்பதற்குத் தரம் காரணமில்லை என்று இதிலேயே தெரியும். 25 ஜிபி டிஸ்க் ஒன்றில் 12 எபிசோடைத் திணித்திருந்தால் எச்சரிக்கை: இருட்டான வானம், புகை, வண்ணம் மெல்ல மாறும் பின்னணி ஆகிய இடங்களில் பட்டை பட்டையாகத் தெரியும்.

பழைய ஐரோப்பிய டிவிடிக்கு வேறு குறை. வினாடிக்கு 24 சட்டத்தை (ஃபிரேம்) 25 ஆக ஓட்டுவதால் 24 நிமிடம் 23 நிமிடமாகச் சுருங்கும், குரலும் சற்று ஏறும். அவசரமாக மாற்றியவற்றில் ஒரு சட்டத்தின்மேல் இன்னொன்று ஆவிபோலப் படியும்.

டொராண்டோவில் இருக்கும் அக்கா வாங்கி அனுப்பும் டிஸ்க் சென்னையில், யாழ்ப்பாணத்தில் ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. ப்ளூ-ரேயில் இந்தியாவும் இலங்கையும் மண்டலம் சி. கனடா, அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா மண்டலம் ஏ. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, கனடா 1, பிரிட்டன் 2. டொராண்டோவில் வாங்கிய ப்ளூ-ரே சிங்கப்பூர் சித்தப்பா வீட்டில் ஓடும், லண்டன் மாமா வீட்டில் ஓடாது. 4கே யுஎச்டி டிஸ்க்குக்கு மண்டலமே இல்லை. ஆனால் அதே பெட்டியிலுள்ள சாதாரண ப்ளூ-ரேக்கு இருக்கலாம்.

கணினி டிரைவில் டிவிடி மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம். கடைசியாக எதில் விட்டீர்களோ அதிலேயே நின்றுவிடும். ப்ளூ-ரே மண்டலத்தைப் பார்ப்பது டிரைவ் அல்ல, படம் ஓட்டும் மென்பொருள். நிறைய வாங்குவதாக இருந்தால் பல மண்டல பிளேயர் ஒன்று வாங்குவதே மலிவு. 'டிவிடி மட்டும் பல மண்டலம், ப்ளூ-ரே ஒரே மண்டலம்' என்ற வகையை முழு விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அஞ்சல் செலவும் சுங்கத் தீர்வையும் சேர்ந்தால் 40 டாலர் பெட்டி 70 டாலரைத் தொடுவது சாதாரணம். நாலைந்தைச் சேர்த்து ஒரே பார்சலாக எடுத்தால் அஞ்சல் செலவாவது பிரியும்.

மலிவு விலை முழுத் தொடர் பெட்டி கள்ளப் பிரதியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

26 எபிசோட் 2 டிவிடியில் இருந்தால், 'எல்லா மண்டலமும்' என்று அச்சிட்டிருந்தால், சீனமும் ஆங்கிலமும் மட்டும் சப்டைட்டிலாக இருந்து ஆங்கிலத்தில் பாத்திரங்களின் பெயர் எபிசோடுக்கு எபிசோட் மாறினால், பின்அட்டையில் தயாரிப்புக் குழுவின் பதிப்புரிமைக் குறிப்பு இல்லாவிட்டால், இவை சேர்ந்து வந்தால் அது கள்ளப் பிரதிதான், சந்தேகமே வேண்டாம். டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதா நிறமாக மின்னினால் அது வீட்டுக் கணினியில் பதிந்த டிவிடி.

உரிமம் வைத்திருப்பவர் ரசிகர்மீது வழக்குப் போட முடியுமா?

சிங்கப்பூரில் நடந்தது. உள்ளூர் விநியோக நிறுவனமான ஓடெக்ஸ் 2007-ல், அனிமே பதிவிறக்கியவர்களுக்கு 3,000 முதல் 5,000 சிங்கப்பூர் டாலர் கேட்டுக் கடிதம் அனுப்பியது. இணைய சேவை நிறுவனமான பசிபிக் இன்டர்நெட் தன் வாடிக்கையாளர் பெயர்களைத் தர மறுத்தது. மாவட்ட நீதிமன்றம், ஓடெக்ஸ் பதிப்புரிமைச் சொந்தக்காரரோ தனியுரிமம் பெற்றவரோ அல்ல என்று சொல்லி மறுப்பை ஏற்றது. 2008 ஜனவரியில், ஜப்பானிய ஸ்டூடியோக்களே சேர்ந்து கேட்ட பிறகுதான், உயர் நீதிமன்றம் பெயர்களைத் தரச் சொன்னது. விற்கும் அனுமதி வேறு, வழக்குப் போடும் உரிமை வேறு.

டிஸ்க்கோடு வரும் டிஜிட்டல் காப்பி போதாதா?

ஃபனிமேஷன் என்ற அமெரிக்க அனிமே நிறுவனத்தின் டிஸ்க் வாங்கி, உள்ளே இருந்த குறியீட்டைப் பதிந்தவர்களைக் கேளுங்கள். ஃபனிமேஷனைக் கையில் வைத்திருந்த சோனி, 2021-ல் கிரஞ்சிரோல் என்ற ஸ்ட்ரீமிங் தளத்தையும் வாங்கி இரண்டையும் ஒன்றாக்கியது. 2024 ஏப்ரல் 2-ல் ஃபனிமேஷன் செயலி மூடப்பட்டபோது அந்த டிஜிட்டல் காப்பிகள் கிரஞ்சிரோலுக்கு மாற்றப்படவில்லை. டிஸ்க்கை வைத்திருந்தவருக்குத் தொடர் மிஞ்சியது. டிஜிட்டல் காப்பி போதும் என்று டிஸ்க்கை விற்றவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தத் தொழிலில் ரசிகருக்கு நடந்த அநியாயங்களில் முதலிடம் இதற்குத்தான்.

ஸ்ட்ரீமிங்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. கிரஞ்சிரோலில் தமிழ் டப் கிடைக்கிறது. 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' 2025 செப்டம்பரில் தமிழிலும் திரையரங்குக்கு வந்தது. ஆனால் அந்தத் தமிழ் ஒலி, வெளிநாட்டில் வாங்கும் டிஸ்க்கில் இருக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள். மொழிப் பட்டியலைப் பின்அட்டையில் படித்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

பெட்டி வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

பிரித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கடையின் திருப்பியனுப்பும் காலத்துக்குள் ஒவ்வொரு டிஸ்க்கையும் போட்டு, முதல் எபிசோடின் தொடக்கம், கடைசி எபிசோடின் முடிவு, நடு எபிசோடில் ஐந்து நிமிடம் பாருங்கள். இரட்டை அடுக்கு டிஸ்க் அடுக்கு மாறும் இடத்தில்தான் திணறும். இரண்டு ஒலியையும் மாற்றிக் கேளுங்கள், சப்டைட்டில் உதட்டசைவுக்கு முன்பின் ஓடுகிறதா என்று கவனியுங்கள். எபிசோட் மாறிப்போவது, சப்டைட்டில் விட்டுப்போவது போன்ற அச்சுக் கோளாறு என்றால் நிறுவனங்கள் மாற்று டிஸ்க் அனுப்புவதுண்டு. கேட்கும்போது ரசீது, டிஸ்க்கின் உள்வளையத்தில் பொறித்த எண்ணின் படம், கோளாறு வரும் எபிசோடும் நிமிடமும் மூன்றையும் முதல் மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் மாற்று டிஸ்க் தீர்ந்திருக்கும், உரிமமும் முடிந்திருக்கலாம்.